நான் மொழிபெயர்த்த மூன்று கடிதங்கள்

எங்கள் மகளிர் மன்றத் தலைவியை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் நேபாளத்து நிலநடுக்கமோ, ஏழைப் பிள்ளைகள் மேல் எனக்கிருந்த இரக்கமோ காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் இரண்டு பேருடைய வீம்புதான் காரணம்.

அவர் தென்காசியில் பெரிய ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள். நான் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தேழு வருடம் இந்தி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தி டீச்சர் என்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு இளக்காரம், மீதிப் பேருக்குக் கோபம். இரண்டையும் வாங்கி வாங்கி எனக்கு நாக்கு முள்ளாகிவிட்டது என்று என் கணவர் சொல்வார். ஓய்வு பெற்ற மறு வருடம் என்னை மன்றச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளர் என்றால் மினிட்ஸ் எழுதுவது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது, தலைவி பேசி முடித்ததும் முதல் ஆளாகக் கைதட்டுவது. முந்தின வருடம் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சில்வர் தட்டு கொடுத்தோம். ஒவ்வொரு தட்டிலும் தலைவியின் கடைப் பெயர் வெட்டியிருந்தது. சோறு தின்னத் தின்ன அடியிலிருந்து கடைப் பெயர் வெளியே வரும். தட்டுக்குப் பதில் புத்தகம் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "டீச்சர், புக்கெல்லாம் போட்டோல விழாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மாதக் கூட்டம் குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டிலுள்ள ஒரு லாட்ஜில் நடக்கும். சீசன் இல்லாத மாதங்களில் ஹாலைச் சும்மாவே தருவார்கள். அங்கேதான் அவளைப் பார்த்தேன். எங்களுக்கு டீ கொண்டுவந்தாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். உயரம் குறைவு, கை மட்டும் துணி துவைத்துத் துவைத்து முறுக்கேறியிருந்தது. நேபாளத்துக்காரி என்று மேனேஜர் சொன்னார். என் இந்தியைக் காட்ட ஒரு ஆள் அகப்பட்ட சந்தோஷத்தில் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று இந்தியில் அடுக்கினேன். அவள் டீயை என் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எக்கா, எனக்குத் தமிழ் வரும். தமிழ்லயே கேளுங்க."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். தலைவி கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்.

எட்டு வருடம் அந்த லாட்ஜில் நம்மூர்ப் பெண்களோடு சேர்ந்து துவைத்து, கூட்டி, சண்டைபோட்டு அவள் தமிழ் கற்றிருந்தாள். எங்களைவிடச் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதை எனக்குத் தெரிந்தது. நிலநடுக்கத்தில் மலைக்கிராமத்து வீடு விழுந்துவிட்டது. கடன் வாங்கிக் கட்டத் தொடங்கினார்கள். அதை அடைக்கத்தான் புருஷனும் அவளும் தெற்கே வந்தார்கள். அவன் புனலூரில் ஒரு ஓட்டலில் மாவு பிசைகிறான், இவள் இங்கே. இரண்டு வயதுக் குழந்தையாக விட்டுவந்த மகள், புருஷனின் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடமும் அன்றைக்கே விழுந்திருந்தது. தகரக் கொட்டகை போட்டுப் பாடம் நடத்தினார்கள். போன மழைக்கு மலை சரிந்து அந்தக் கொட்டகையும் போய்விட்டது. இனிமேல் படிக்க வேண்டுமானால் மலைக்குக் கீழே கடைத்தெரு உள்ள ஊரில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்று இருக்கிறது, அதில்தான் சேர்க்க வேண்டும். அதற்குக் கட்டுகிற அளவுக்கு அவர்களிடம் இல்லை.

அவள் என்னிடம் உதவி கேட்கவில்லை. இதை இப்போது அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நானாகத்தான் அடுத்த கூட்டத்தில் எழுந்து, இந்தப் பிள்ளையின் படிப்பை மன்றம் ஏற்றுக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"நம்ம கடையம் ஊர்ப் பக்கம் படிக்க வழியில்லாத பிள்ளைய இல்லையா டீச்சர்?" என்றார் தலைவி.

"இருக்காவ. ஆனா வெளிநாட்டுப் பிள்ளைன்னா நம்ம மன்றம் இன்டர்நேஷனல் கணக்குல வரும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எந்த வார்த்தைக்கு மாறும் என்று தெரிந்துதான் சொன்னேன். அன்றே தீர்மானம் நிறைவேறியது. பள்ளியோடு பேசுவது, கடிதங்களை மொழிபெயர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நேபாளி எழுத்தும் இந்தி எழுத்தும் ஒன்றுதான், எனக்கு நன்றாகப் படிக்க வரும் என்று பெருமையடித்துக்கொண்டேன். பள்ளித் தலைமையாசிரியரிடம் போனிலும் அதையே சொன்னேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பணம் கட்டும் வெளிநாட்டுப் புரவலர்களுக்குப் போகிற கடிதங்களை அங்கேயே ஒரு சார் இங்கிலீஷில் மாற்றி அனுப்புவாராம். எங்களுக்கு மட்டும் பிள்ளை எழுதியதை அப்படியே அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

தலைவிக்கு ஒரு போட்டோ தேவைப்பட்டது. இடிந்த வீட்டு முன்னால் பிள்ளை நிற்க வேண்டும். நான் லாட்ஜுக்குப் போய் அவளிடம் கேட்டேன்.

"வீடுதான் கட்டியாச்சே எக்கா" என்றாள்.

"பழைய போட்டோ ஏதும் இருக்கா?"

"விழுந்த வீட்டப் போட்டோ எடுத்து யாரு வச்சிருப்பா?"

"எப்படியாச்சும் ஒண்ணு ஏற்பாடு பண்ணு. இல்லாட்டி இவங்க மனசு மாறிருவாங்க."

பத்து நாளில் புருஷனின் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினான். கற்குவியல், முறிந்த உத்தரம், அதன் முன்னால் நீலச் சட்டை போட்ட பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. யார் வீட்டுக் கற்குவியல் என்று நான் கேட்கவில்லை. தலைவி அதைப் பெரிதாக்கி பேனர் அடித்தார்.

முதல் கடிதம் ஐந்து மாதம் கழித்து வந்தது. கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து. அகராதியையும் போனையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிர் அதிகம். ஒரு போர்வைதான் கொடுத்தார்கள். எனக்குக் கணக்குப் பிடிக்கும். சோறு போதவில்லை. அம்மாவிடம் போக வேண்டும். நீங்கள் யார் என்று சார் சொல்லவில்லை, எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

இதை எப்படிக் கூட்டத்தில் வாசிப்பது? வாசித்தால் தலைவி என்ன சொல்வார் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். அதனால் நானே ஒரு கடிதம் எழுதினேன். "என் அன்புள்ள தென்காசி அம்மாக்களே, பனிமலையின் மடியிலிருந்து உங்கள் மகள் எழுதுகிறேன்" என்று தொடங்கி, இடிந்த சுவர்களுக்கு நடுவே புதைந்துபோன என் கனவுக்கு நீங்கள் கூரை போட்டீர்கள் என்று முடித்திருந்தேன். கணக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் அப்படியே விட்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்கு எத்தனை நாடகம் எழுதியிருக்கிறேன்! கை தானாக ஓடியது. வாசித்தபோது நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். தலைவி எழுந்துவந்து என் தோளில் கைவைத்தார். வாட்ஸப் குழுவில் மூன்று நாள் பாராட்டு. எனக்கு வெட்கமாக இல்லை. நன்றாக இருந்தது.

அந்தக் கூட்டத்தன்று அவள் சமையல்கட்டு வாசலில் என்னை நிறுத்தினாள். "எக்கா, நெசமா என்ன எழுதியிருக்கா?"

"நல்லாருக்கேன்னு எழுதியிருக்கா. கணக்கு நல்லா வருதாம்."

"சோறு சாப்பிடுதாளாமா?"

"சாப்பிடாம இருப்பாளா?"

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது கடிதம் இன்னும் மோசம். போட்டோவைப் பற்றி எழுதியிருந்தாள். அது எங்கள் வீடு இல்லை. பக்கத்து வீட்டு மாமாவுடைய வீடு. அதில் அவருடைய இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். என்னை ஏன் அங்கே நிறுத்திப் படம் எடுத்தீர்கள்? மாமா எங்கள் பெரியப்பாவோடு பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறார்.

நான் அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்து, இமயமலைச் சூரிய உதயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். பேனரை எடுத்துவிடுங்கள் என்று தலைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால், பிழை என்னுடையது என்று ஆகும். அவர் முன்னால் பிழை செய்தவளாக நிற்பதைவிட எனக்குப் பெரிய தண்டனை கிடையாது. பேனர் இருந்தது.

மூன்றாவது கடிதம் பேனாவால் எழுதியிருந்தது. எழுத்து திருந்தியிருந்தது. முதல் வரி இது: உங்களுக்கு நேபாளி தெரியும் என்று சார் சொன்னார், அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த விடுதியில் பிறர் உதவியால் படிக்கும் பெண்பிள்ளைகள் இவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். பணம் கட்டிப் படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இவர்களுக்குச் சோறு. அதற்குப் பிறகு எல்லோருடைய பாத்திரத்தையும் இவர்கள் கழுவ வேண்டும். காலையிலும் இரவிலும். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஒரு பிள்ளைக்கு விரல் வெடித்துச் சீழ் வைத்துவிட்டது. வார்டனிடம் சொன்னதற்கு, ஓசிச் சோறு தின்கிறவர்களுக்கு வாய் எதற்கு என்று கேட்டாராம். நீங்கள் சாருக்குப் போன் செய்யுங்கள் என்று முடித்திருந்தாள்.

பாத்திரம் தேய்ப்பதற்கு இந்தியிலும் நேபாளியிலும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைதான். எனக்கு அகராதிகூடத் தேவைப்படவில்லை.

போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அன்று மாலை நினைத்தேன், அடுத்த நாளும் நினைத்தேன். தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவிட்டால் மன்றத்தில் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து வருகிற சிறப்பு விருந்தினருக்கு அருவியில் குளிக்க வசதியாக விழாவைச் சீசனில் வைத்திருந்தார் தலைவி. அழைப்பிதழ், சால்வை, சாப்பாடு என்று அலைந்ததில் போன் தள்ளிப்போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழாவில் வாசிக்க வேண்டிய கடிதத்தை மட்டும் மறக்கவில்லை. "விடுதியில் எல்லா வேலைகளையும் அன்போடு கற்றுத் தருகிறார்கள். என் தோழிகளும் நானும் ஒரு குடும்பம் போல உழைத்து வாழ்கிறோம்" என்று எழுதினேன்.

விழா அன்று நல்ல சாரல். ஹாலுக்குள் ஈரத் துண்டும் மசாஜ் எண்ணெயும் கலந்த வாடை. வெளியே அருவிக்குப் போகிறவர்களின் சத்தத்துக்கு மேல் மைக்கை உயர்த்தி வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அந்தப் பேனர். சிறப்பு விருந்தினர் பேசி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கடிதத்தின் மூன்றாவது பத்தியை வாசித்துக்கொண்டிருந்தேன், உழைத்து வாழ்கிறோம் என்ற இடத்தில். ஹாலின் கடைசியில் டீத் தட்டை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எக்கா, எம் மவ அப்படி எழுதல."

நான் நிறுத்தவில்லை. அடுத்த வரியை வாசித்தேன். அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள்.

"நிப்பாட்டுங்க. எம் மவ அப்படி எழுதல. லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கா. ஆஸ்டல்ல போன்ல பேசுனா வார்டன் பக்கத்துல நிக்குமாம், அதான் இத்தன நாளும் சொல்லல. இப்பதான் எல்லாஞ் சொன்னா. டீச்சருக்கு எழுதி மூணு மாசமாச்சு, இன்னும் போன் பண்ணலையான்னு கேக்கா."

தலைவி மேடையிலிருந்தபடியே, "ஏட்டி, விருந்தாளி இருக்காவ. நீ போய் டீயக் குடு. பெறகு பேசிக்கிடலாம்" என்றார்.

"நான் டீ குடுக்கதுக்கு சம்பளம் வாங்குதேன், குடுப்பேன். இது எம் பிள்ள விசயம்." என் பக்கம் கையை நீட்டினாள். "அவ எழுதுனதக் குடுங்க."

அசல் கடிதம் என் பைலில்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பைலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளை அவளே உருவினாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து, முதலில் நேபாளியில் முணுமுணுத்து, பிறகு தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுதியிருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு விரல் வெடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். முடித்துவிட்டு முதல் வரிக்கே திரும்பினாள்: உங்களுக்கு நேபாளி தெரியும் என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடியும் பொய் சொன்னேன். "எனக்கு நேபாளி அந்த அளவுக்குத் தெரியாது. இந்தியை வச்சு உத்தேசமா..."

"தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லணும்" என்றாள் அவள். "அழகழகா எதுக்கு எழுதுன?"

அதுவரை என்னை அவள் நீ என்று சொன்னதில்லை. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாட்டுப்பண் பாடினோம்.

அன்று சாயங்காலமே தலைவியின் வீட்டில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. அவர் கேட்டதில் ஒன்றுகூடப் பிள்ளையைப் பற்றி இல்லை. விருந்தினர் முன்னால் மானம் போயிற்று, வீடியோ எடுத்திருக்கிறார்கள், அந்த நன்றி கெட்டவளை லாட்ஜிலிருந்து துரத்தச் சொல்லப்போகிறேன் என்றார்.

"போட்டோ கேட்டது யாரு? கத கேட்டது யாரு?" என்று நான் கத்தினேன். "உள்ளத உள்ளபடி வாசிச்சா நீங்க ஒரு மாசத்துல நிப்பாட்டியிருப்பிய!"

"உங்கள யாரு பொய் எழுதச் சொன்னா? நான் சொன்னேனா? ஒரு தடவயாச்சும் சொன்னேனா?"

அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவரைத் திட்ட எனக்கு எத்தனையோ இருந்தது, இந்த ஒன்று மட்டும் முழுக்க என்னுடையதாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இப்ப போன் பண்ணு" என்றார்.

பண்ணினேன். மூன்று மாதம் பிந்தி. தலைமையாசிரியர் மரியாதையாகப் பேசினார். விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் வேலைகளைப் பகிர்ந்து செய்வதுதான் வழக்கம், வேறு எந்தப் புரவலரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். நான் எழுதிய கடிதத்தை யாரோ எனக்கே வாசித்துக் காட்டியது போல இருந்தது.

மேனேஜர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நல்ல மனசு என்று சொல்ல முடியாது, சீசனில் வேறு ஆள் கிடைக்காது. ஹால் பக்கம் வரக்கூடாது என்று சொல்லித் துணி துவைக்கிற கொட்டகையோடு நிறுத்திவிட்டார். அடுத்த பருவத்துக்கு மன்றம் கட்டணம் அனுப்பவில்லை. அதற்கு முன்பே புனலூரிலிருந்து அவள் புருஷன் ஊருக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். இலஞ்சியில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடும் அங்கேயே. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு சுலபமாக இருந்ததை நாங்கள் பதினாறு பேர் ஒன்றரை வருடம் கூட்டம் போட்டும் யோசிக்கவில்லை. சேர்க்கைக்கு நான் வந்து பேசட்டுமா என்று மேனேஜர் மூலம் கேட்டனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு கேட்டைத் தட்டினார்கள். அவளும் மகளும். நேரில் பிள்ளையை அன்றுதான் பார்க்கிறேன். போட்டோவில் இருந்ததைவிட வளர்ந்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பள்ளிக்கூட யூனிபார்ம், கையில் ஒரு நோட்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த மாணவியிடமும் நான் பொறுத்துக்கொண்டதில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

"உக்கார வரல" என்றாள் தாய். "உங்களுக்கு இங்கிலீசு எழுத வரும்லா?"

"வரும்."

"எம் மவள நான் கூட்டிட்டு வந்துட்டேன். இன்னும் பதினோரு பிள்ளைய அங்கன பாத்திரம் கழுவுதுவ. அதுவளுக்குக் காசு அனுப்புதவங்க எல்லாம் வெள்ளக்காரங்க, ஜப்பான்காரங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எழுதுங்க. நெசத்த எழுதுங்க."

பிள்ளை நோட்டைத் திறந்து காட்டினாள். பருவத்துக்கு ஒரு தடவை புரவலருக்குக் கடிதம் எழுதும்போது தாளின் தலையில் முகவரி எழுத வேண்டுமாம். லீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் தோழிகளிடம் கேட்டு ஏழு பேருடைய முகவரியை எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மின்னஞ்சல் முகவரிகளில் புள்ளிகூடப் பிசகாமல் இருந்தது. என் போனுக்காகக் காத்திருந்துவிட்டு, அது வராது என்று தெரிந்த பிறகு செய்த வேலை அது.

எழுத மேசை வேண்டும் என்பதால் உள்ளே வந்தார்கள். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் தொடவில்லை. பிள்ளை நேபாளியில் சொன்னாள், தாய் தமிழில் சொன்னாள், நான் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்தேன். இடையில் ஒரு வார்த்தைக்கு நான் பிள்ளையிடம் இந்தியில் விளக்கம் கேட்டேன். தாய் குறுக்கே வந்தாள். "அவகிட்ட நீங்க பேசாண்டாம். எங்கிட்டக் கேளுங்க."

முடித்ததும், "இப்ப வாசிங்க. தமிழ்ல" என்றாள்.

வாசித்தேன். பிள்ளைகள் சில சமயம் எல்லோருடைய பாத்திரங்களையும் கழுவ வேண்டியிருக்கிறது என்ற இடத்தில் கையைத் தூக்கினாள்.

"சில சமயமா? சில சமயம்னு அவ சொல்லலயே. தெனமும்னுலா சொன்னா."

உண்மையில் நான் வேண்டுமென்று போடவில்லை. மரியாதைக்காகக் கை தானாகப் போட்டுவிட்டது. அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அழித்துவிட்டுத் தினமும் என்று அடித்தேன். அப்போது பிள்ளை தாயிடம் ஏதோ சொன்னாள். அவள் சொன்னது எனக்கு நேராகவே விளங்கிவிட்டது. ஆனாலும் தாய் தமிழில் சொல்லும்வரை காத்திருந்தேன்.

"தென்காசில இருக்க டீச்சருக்கு இதெல்லாம் எழுதினேன், அவங்க தெரிஞ்சும் ஒண்ணும் செய்யலன்னு போடணுமாம்."

விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. "அது எதுக்கு? வார்டனைப் பத்தித்தான எழுதுதோம்?"

"எழுதுங்க."

"அத எழுதினா நம்ம எழுதுறதையே நம்ப மாட்டாங்க."

"நம்புவாங்க. எழுதுங்க."

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை என் வீட்டிலேயே உட்காரவைத்து, என் கையாலேயே என்னைப் பற்றி எழுத வைக்கிறார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போங்கள் என்று சொல்லியிருப்பேன், அந்த நோட்டு மேசையில் திறந்து கிடக்காமல் இருந்திருந்தால். எழுதினேன். அதையும் தமிழில் வாசித்தேன். கீழே யார் பெயர் போடுவது என்று கேட்டேன். "எழுதுனது நீங்கதான? உங்க பேரப் போடுங்க" என்றாள். போட்டேன். ஏழு பேருக்கும் அனுப்பி முடித்து, அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்ததைப் பிள்ளை கிட்டே வந்து பார்த்துச் சரியென்று தலையாட்டிய பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள்.

இரண்டு பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒரு முதியவர் விடவில்லை. பள்ளிக்கும், பள்ளியை நடத்துகிற அமைப்புக்கும் மாறி மாறி எழுதினார். தலைமையாசிரியர் எங்கள் தலைவிக்குப் போன் போட்டிருக்கிறார். தலைவி எனக்குப் போன் போட்டார். வயதுக்கும் குடும்பத்துக்கும் ஒவ்வாத வார்த்தைகளை அன்று அவர் வாயிலிருந்து கேட்டேன். நானும் சளைக்கவில்லை. மறுநாள் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இப்போது ரத வீதியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு கடைக்குள் நுழைந்துகொள்கிறோம்.

அந்த முதியவரிடமிருந்து போன பங்குனியில் இன்னொரு கடிதம் வந்தது. வார்டனை மாற்றிவிட்டார்கள், பாத்திரம் கழுவுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து என்று ஆகியிருக்கிறது, சாப்பாடும் ஒரே பந்தி என்று எழுதியிருந்தார். அவ்வளவுதானா, உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. நேரில் போய்ப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன்.

அவள் லாட்ஜுக்குப் பின்னால் கொட்டகையில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "எம் மவளுக்கு அங்கனருந்து பிள்ளைய போன் பண்ணுதுவ."

தாளை நீட்டினேன். கை ஈரம் என்று வாங்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். போகாமல் நின்றேன். இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன்.

"நான் செஞ்சது தப்பு."

"ஆமா" என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஒரு விரிப்பைத் தூக்கி இரண்டாக மடித்து முறுக்கத் தொடங்கினாள்.

"தள்ளி நில்லுங்க. தண்ணி தெறிக்கும்."